மறு: மறு: செக்ஸ்டன்டுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக, வானத்தைப் பார்த்துக் கடலில் இடமறியும் முறையைப் பாடமாக எழுதுகிறேன். ஜிபிஎஸ் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதில் தொடங்குகிறது. முதல் வகுப்பு வெள்ளிக்கிழமை. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அவர்கள் பள்ளியில் படித்தவை. செக்ஸ்டன்டில் நின்றுவிட்டேன். சூரியனோ விண்மீனோ தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறது என்று அளக்கும் கருவி அது. 'அறுபாகைமானி' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

———

அறுபாகைமானி வேண்டாம் தம்பி. அறுசுவை என்றால் ஆறு சுவை, அறுபாகை என்றால் ஆறு பாகைதான். இக்கருவியின் வில், வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. கண்ணாடி திரும்புவதைப் போல் இருமடங்கு ஒளி திரும்புவதால் 120 பாகை வரை அளக்கும். இலத்தீனில் செக்ஸ்டன்ஸ் என்பதே ஆறில் ஒன்றுதான்.

நம் பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குகின்றன. அந்த வரிசையில் ஆறில் ஒன்றுக்கு இடமில்லை. ஆனால் 1731-இல் ஆங்கிலேயர் ஹாட்லி காட்டிய ஆக்டன்டின் (செக்ஸ்டன்டுக்கு முன்னோடிக் கருவி) வில் எட்டில் ஒன்று. அதற்கு 'அரைக்கால்மானி' எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! அதன் தம்பிக்கு 'ஆறிலொருமானி' என்பேன். அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு இறை கொடுத்த நாட்டில் இது புரியாமல் போகாது.

———

ஐயா, வில் எத்தனை பங்கு என்பது கருவி செய்கிறவருக்கு வேண்டியது. பிடித்துப் பார்க்கிற பிள்ளைக்கு எதற்கு?

சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இராப்பலகை இருந்ததே. சிறு பலகை, நடுவில் முடிச்சிட்ட கயிறு. முடிச்சைப் பல்லில் கடித்து, கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொடும்படி பிடித்தால், எந்த ஊர் நேருக்கு வந்திருக்கிறோம் என்று முடிச்சு சொல்லிவிடும். துருவமீனின் ஏற்றம்தான் ஏறக்குறைய நம் அட்சரேகை. நாகப்பட்டினத்தில் 11 பாகைக்குச் சற்றுக் கீழே. இதே வகைப் பலகையை அரபு மாலுமிகள் கமால் என்றார்கள், விரல் கணக்கில் அளந்தார்கள். பெயர் கையிலேயே இருக்கும்போது புதிதாக ஏன் செய்யவேண்டும்? துருவமீனையும் 'வடமீன்' என்றே எழுதலாம்.

———

அம்மா சொல்வது இனிக்கிறது, ஆனால் செக்ஸ்டன்டின் முக்கிய வேலை நண்பகலில். சூரியன் உச்சிக்கு வரும்போது ஏற்றத்தை அளந்து, 90-இல் கழித்து, அன்றைய சூரியச் சாய்வை (நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ சூரியன் நிற்கும் பாகை) சேர்த்தோ கழித்தோ அட்சரேகை காண்கிறோம். பட்டப்பகலில் 'இரா' எப்படி வரும்? வடமீனும் ஆகாது. சங்கப் பாட்டில் அது அருந்ததி, கற்புக்கு உவமை. சப்தரிஷி மண்டலத்து மீனைத் துருவமென்று பிடித்தால் கணக்கு எங்கேயோ போகும். ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒன்று, தவறினாலே ஒரு கடல்மைல், 1852 மீட்டர்.

பிள்ளைகள் பிறகு கப்பல் தேர்வு எழுதினால் அங்கே செக்ஸ்டன்ட் என்றுதான் கேட்பார்கள். செக்ஸ்டன்ட் என்றே எழுதுங்கள். பொருள் விளங்க ஒருமுறை 'விண்கோணமானி' என்று சொன்னால் போதும்.

———

சரி. இதுவரை எழுதியவர்களில் நால்வர் விண்கோணமானிக்கு, ஒருவர் ஆறிலொருமானிக்கு, ஒருவர் இராப்பலகைக்கு. முதலில் செக்ஸ்டன்ட், அப்புறம் விண்கோணமானி என்று அச்சுக்கு அனுப்புகிறேன். இராப்பலகைக்குத் தனிப்பாடம் உண்டு, முதல் வகுப்பிலேயே பலகையும் கயிறும் கொடுத்துச் செய்யச் சொல்லப்போகிறேன்.

———

அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் கரையோரத்தில் இதே கருவியைப் படுக்கையாகப் பிடித்து, இரண்டு கலங்கரை விளக்கங்களுக்கு இடையிலான கோணத்தையும் அளப்பார்கள். அங்கே விண் எங்கே இருக்கிறது? என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.