தரம் 8 ஆங்கில வகுப்பில் பிழைதிருத்தம் பற்றி ஆய்வு: எந்தப் பிழையை எடுப்பது, எப்படி அளப்பது?

எருவில்_ரீச்சர் கேட்டது:

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குச் செயல்நிலை ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். தலைப்பு, இரண்டாம் மொழி வகுப்பில் பிழைதிருத்தம். தமிழ் மொழிமூலப் பாடசாலை, தரம் 8 இல் இரண்டு பிரிவு, ஒன்றில் 36 பிள்ளைகள், மற்றதில் 38. 'ஹீ', 'ஷீ' வரும் வசனங்களில் வினையோடு சேரவேண்டிய எஸ்ஸை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். தமிழில் அப்படியொரு விகுதி இல்லாததுதான் காரணம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன்.

திட்டம் இதுதான்: 8ஏ கொப்பிகளில் எல்லாப் பிழைகளையும் சிவப்புப் பேனையால் திருத்துவது, 8பி கொப்பிகளில் ஒன்றையும் திருத்தாமல் விடுவது, ஆறு கிழமைக்குப் பிறகு இரு பிரிவினதும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடுவது. இவ்வளவும் காணுமா? திருத்தும்போது விளக்கத்தைத் தமிழில் சொல்லலாமா? மேற்பார்வையாளரிடம் கொண்டுபோக முன்னம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

ரீச்சர், முதல் வேலையாக முன்னுரையிலுள்ள அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். போகிறேன், போகிறாள், போகிறார்கள். தமிழ் வினையில் இடம், எண், பால் எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. தாய்மொழிதான் காரணம் என்றால் இந்தப் பிழையை மிகக் குறைவாக விடவேண்டியவர்கள் நம்முடைய பிள்ளைகள். உண்மையில் எந்த மொழிக்காரருக்கும் இந்த எஸ் பிந்தித்தான் வாய்க்கிறது. டுலே, பர்ட் என்ற இருவரும் 1974 இல் ஸ்பானிய மொழிப் பிள்ளைகளையும் சீன மொழிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்படியிருந்தும் ஆங்கில உருபுகள் (எஸ், ஈடி, 'த' போன்ற இலக்கணத் துண்டுகள்) ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்தன, இந்த எஸ் இரு பக்கத்திலும் கடைசிப் பகுதியில்தான் நின்றது.

ஏன் பிந்துகிறது? 'ஷீ' என்று தொடங்கியதுமே யார் என்பது தெரிந்துவிடுகிறது. எஸ் அதற்குமேல் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை, விட்டாலும் பேச்சு விளங்கும், காதிலும் சரியாக விழாது. ஜேர்மன் ஆய்வாளர் பீனமன் சொல்வது, முந்திய படிகளைத் தாண்டாத மாணவருக்குப் பிந்திய படியைக் கற்பித்தால் அது நிலைக்காது என்று. ஆக, ஆறு கிழமை பாடுபட்டும் எஸ் அசையாமல் நின்றால், திருத்துவதால் பயனில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பிழையான உருபைத் தேர்ந்தால் பிழையான முடிவுதான் வரும்.

ஆர்ட்டிக்கிளை எடுங்கள். அதிலும் முழுவதையும் வேண்டாம், இரண்டு பயன்பாடு போதும்: ஒரு பொருளை முதன்முறை சொல்லும்போது 'ஏ', அதையே திரும்பச் சொல்லும்போது 'த'. தமிழில் 'ஒரு' பாதி வேலையைச் செய்கிறது, 'த' வுக்கு நேரான உருபு கிடையாது. தாய்மொழியின் தாக்கம் என்று நீங்கள் எழுத விரும்புவது இங்கே செல்லும். நியூசிலாந்தில் பிற்சனர் ஓக்லண்ட் மாணவர் 75 பேரிடம் இதே இரண்டு பயன்பாட்டையும் மட்டும் திருத்திப் பார்த்து 2008 இல் வெளியிட்டார். திருத்தம் பெற்றவர்கள் முன்னேறினார்கள், இரண்டு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது.

எல்லாப் பிழையையும் திருத்துவது பற்றி: எழுத்தில் இலக்கணம் திருத்துவதே வீண், கெடுதலும்கூட என்று ட்ரஸ்கொட் 1996 இல் வாதிட்டார். 1999 இல் ஃபெரிஸ் மறுத்து எழுதினார். அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த நல்ல ஆய்வுகள் பல ஓரிரு உருபில் மட்டும் குவிந்து திருத்தியவை. கொப்பி ஒன்றுக்கு 8 நிமிடம் வைத்தாலும் 36 கொப்பிக்கு 288 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம். ஒரு உருபை மட்டும் பார்த்தால் கொப்பிக்கு 2 நிமிடம் காணும், 72 நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்தால் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்கும் தெரியாது.

அடிக்கோடு மட்டும் போட்டு, நீயே கண்டுபிடி என்று விடும் முறை தேர்ச்சி கூடியவர்களுக்கு. தரம் 8 இல் சரியான வடிவத்தை மேலே எழுதிவிடுங்கள், பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் விதியும் ஒரு உதாரணமும். அடுத்த பாடவேளையின் முதல் 10 நிமிடம் அதே பந்தியைத் திருத்தி மீள எழுத வேண்டும். இதை விட்டால் புள்ளியைப் பார்ப்பார்கள், கொப்பியை மூடுவார்கள், அவ்வளவுதான்.

அக்கரை_நானா எழுதியது:

தவணைப் பரீட்சைப் புள்ளியை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது ரீச்சர். அதில் வாசிப்பு, சொல்வளம், கடிதம் எல்லாம் கலந்து கிடக்கும். ஆர்ட்டிக்கிள் முன்னேறினாலும் மொத்தப் புள்ளியில் அது தெரியவே தெரியாது.

மூன்று படக்கதை செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு படம், 20 நிமிடம், 80 சொல் அளவில் எழுத வேண்டும். ஒன்று முன்சோதனைக்கு, ஒன்று ஆறாம் கிழமை முடிந்ததும், ஒன்று அதற்கு நான்கைந்து கிழமை பிந்தித் தாமதச் சோதனைக்கு. மூன்று கதையும் ஒரேயளவு கடினமாக அமைவது அரிது. அதனால் எல்லாரும் ஒரே வரிசையில் எழுதக்கூடாது: வகுப்பின் மூன்றிலொரு பங்கு முதற்கதையில் தொடங்கட்டும், அடுத்த பங்கு இரண்டாவதில், மிச்சம் மூன்றாவதில். இல்லாவிட்டால் கடைசிக் கதை இலேசாக இருந்ததைப் பிள்ளைகளின் முன்னேற்றம் என்று எண்ணிவிடுவீர்கள்.

கதையில் வரும் பொருட்களையும் பார்த்துப் போடுங்கள். பை, நாய், சைக்கிள், குடை போல எண்ணக்கூடியவை வரட்டும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று படத்தில் திரும்ப வரட்டும். வாவிக்கரைக் காட்சி என்று மீன், தண்ணீர், சோறு, மணல் எல்லாம் சேர்த்தால் அந்த இடத்தில் 'ஏ' வருமா 'த' வருமா, ஒன்றும் வேண்டாமா என்று திருத்துபவர்களே முட்டிக்கொள்வார்கள்.

எண்ணும் முறையில்தான் ஆகக்கூடுதலான பேர் சறுக்குவது. உருபு கட்டாயம் வரவேண்டிய இடங்களை முதலில் குறியுங்கள், அதில் எத்தனை சரி என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு 20 இடம், 12 சரி, 60 வீதம். ஆனால் திருத்தத் தொடங்கியதும் பிள்ளைகள் பயத்தில் கண்ட இடமெல்லாம் 'த' போடுவார்கள். அதே பிள்ளை தேவையில்லாத 8 இடத்திலும் போட்டிருந்தால்? அந்த 8 ஐயும் கீழெண்ணில் கூட்ட வேண்டும்: 28 இல் 12, ஏறத்தாழ 43 வீதம். பீக்கா 1980களில் முன்வைத்த கணக்கு இது. இதைச் செய்யாவிட்டால் கண்டபடி 'த' போட்ட பிள்ளைதான் வகுப்பில் முதலாவதாக வரும்.

கட்டாய இடம் ஐந்துக்குக் குறைவாக எழுதிய பிள்ளைகளின் வீதத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். மூன்று இடத்தில் ஒன்று மாறினாலே 33 வீதம் துள்ளும்.

ஒவ்வொரு சோதனையிலும் 74 விடைத்தாளில் 15 ஐ, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, இன்னொரு ஆங்கில ஆசிரியர் தனியாக எண்ணட்டும். எந்தப் பிரிவு, முன்னதா பின்னதா என்பது அவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு பேருடைய கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அறிக்கையில் எழுதுங்கள். விளைவின் அளவுக்கு கோஹென் டி (இரு சராசரிகளின் வித்தியாசத்தை நியம விலகலால் வகுத்த எண்) கணக்கிடுகிறவர்கள் பொதுப் புத்தகங்களில் உள்ள 0.2, 0.5, 0.8 என்ற எல்லைகளையே போடுகிறார்கள். இரண்டாம் மொழி ஆய்வுகளுக்கென்று பிளொன்ஸ்கி, ஒஸ்வால்ட் 2014 இல் வேறு எல்லை தந்திருக்கிறார்கள்: இரு குழுக்களை ஒப்பிடும்போது 0.4 சிறிது, 0.7 நடுத்தரம், 1.0 பெரிது.

பழைய_கொப்பி எழுதியது:

மேலே உள்ளவர்கள் சொன்னது அரைப் பரிசோதனை ஆய்வு, அதாவது பிள்ளைகளைக் குலுக்கிப் பிரிக்காமல் இருக்கிற வகுப்புகளையே ஒப்பிடுவது. கேட்டது செயல்நிலை ஆய்வு. கேர்ட் லெவின் 1946 இல் சொன்னதன்படி பார்த்தால் திட்டமிடல், செயல், விளைவை அறிதல், மறுபடி திட்டமிடல் என்று சுழற்சியாகப் போகவேண்டியது அது. கட்டுப்பாட்டுக் குழு கட்டாயமில்லை. ஒரு வகுப்பை ஆறு கிழமை திருத்தாமல் விடுவது நியாயமும் இல்லை, பெற்றோர் கொப்பியைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஒப்பீடு வேண்டுமென்றால் இப்படிச் செய்யலாம். 8ஏ இல் ஆர்ட்டிக்கிளை மட்டும் திருத்துங்கள், 8பி இல் இறந்தகால வினையை மட்டும். எல்லாரும் எழுதுவது ஒரே படக்கதைகள், எல்லா விடைத்தாளிலும் இரண்டையும் எண்ணுங்கள். ஆர்ட்டிக்கிளுக்கு 8பி ஒப்பீட்டுக் குழு, இறந்தகாலத்துக்கு 8ஏ. யாருக்கும் திருத்தம் இல்லாமல் போகாது. மூன்றாம் கிழமை முடிவில் நின்று பார்த்து, எது ஏறவில்லையோ அதற்கு விளக்கத்தை மாற்றினால் சுழற்சியும் வந்துவிடும்.

அக்கரை_நானா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், இது என் திட்டத்தைவிட நல்லது. ஒன்று மட்டும்: சுழற்சிக்காக விளக்கத்தை மாற்றினால் எந்தத் திகதியில், எதை மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் முன்னேற்றம் முதல் முறையால் வந்ததா, இரண்டாவதால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

எருவில்_ரீச்சர் எழுதியது:

பெரிய உதவி, எல்லாருக்கும் நன்றி. பழைய_கொப்பி சொன்ன வழியில் போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. இறந்தகாலத்தை வாய்மொழியிலும் திருத்திச் சோதிக்கலாமா? தமிழ் விளக்கம் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

வாவிக்கரை எழுதியது:

வாய்மொழியில் சேர்க்கலாம், ஆனால் எப்படித் திருத்துகிறீர்கள் என்பது முக்கியம். பிள்ளை பிழையாகச் சொன்னதை ஆசிரியர் சரியாக்கித் திருப்பிச் சொல்வதை ரீகாஸ்ட் என்பார்கள். கனடாவில் லிஸ்ரர், ரான்ரா இருவரும் பிரெஞ்சு வழி வகுப்புகளில் ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டது: ஆசிரியர்கள் கொடுத்த திருத்தத்தில் 55 வீதம் ரீகாஸ்ட், அதற்கு மாணவர் ஏதாவது எதிர்வினை காட்டியது 31 வீதம் மட்டும். விடையைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைக்கும் கேள்விகளுக்கோ ஒவ்வொரு தடவையும் எதிர்வினை வந்தது. (எதிர்வினை வந்ததாலேயே கற்றுவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் வேறு.) காரணம் இலேசு. ஆசிரியர் தலையாட்டிக்கொண்டே சரியாகத் திருப்பிச் சொன்னால், தான் சொன்ன சேதியை ஒத்துக்கொள்கிறார் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

ஆகவே 'யெஸ்ரடே ஹீ வோக்' என்றால் நீங்கள் 'வோக்ட்' என்று சொல்லிவிட வேண்டாம். 'யெஸ்ரடே ஹீ...' என்று சொல்லி நிறுத்துங்கள், மனதுக்குள் மூன்று எண்ணும்வரை காத்திருங்கள். வராவிட்டால் 'வோக்?' என்று கேள்வியாக்குங்கள். அதற்கும் வராவிட்டால் சரியானதைச் சொல்லி, ஒருமுறை சொல்லவைத்து விடுங்கள், அதற்குமேல் இழுத்தால் வகுப்பு சிரிக்கத் தொடங்கும்.

சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. 'வோக்ட்' போன்ற சொல்லின் கடைசியில் இரண்டு மெய்யொலி அடுத்தடுத்து நிற்கிறது. தமிழ்ச் சொல் அப்படி முடியாது, ஆகையால் இறந்தகாலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகூடக் கடைசி ஒலியை விழுங்கும். அது இலக்கணப் பிழையா உச்சரிப்பா என்று ஒலிப்பதிவில் தெரியாது. 'வோன்ட்டட்', 'ஸ்டார்ட்டட்' போல ஈடி தனி அசையாக ஒலிக்கும் வினைகள் வரும்படி வாய்மொழிக் கதையை அமையுங்கள். 'வென்ட்' (போனான்), 'சோ' (கண்டான்) போன்ற ஒழுங்கற்ற வினைகளை வேறாக எண்ணுங்கள், அவை தனித்தனிச் சொல்லாக மனனமாகி வருபவை. 'கோட்' என்று 'கோ' வோடு ஈடி சேர்த்து ஒரு பிள்ளை சொன்னால் அதை வெறும் பிழையாகப் போடாதீர்கள், விதி பிடிபட்டதற்கு அடையாளம் அது. அரைப் புள்ளி கொடுத்து, குறிப்பில் தனியாகக் காட்டலாம்.

தமிழ் விளக்கம் தாராளமாகக் கொடுக்கலாம். நம்முடைய சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்து 1995 இல் எழுதியதே இதைப் பற்றித்தான்: வகுப்பை நடத்தவும் பாடத்தை விளங்கவைக்கவும் ஆசிரியர்கள் தமிழுக்குப் போய்வருவது காரணத்தோடு நடக்கிற ஒன்று. உங்கள் ஆய்வில் கவனிக்க வேண்டியது அளவு. விதி விளக்கம் மூன்று நிமிடம், இரு பிரிவுக்கும் அதே நேரம், முன்கூட்டியே தாளில் எழுதி வைத்ததை மட்டும் சொல்லுங்கள். 8ஏக்குத் தமிழிலும் 8பிக்கு ஆங்கிலத்திலும் விளக்கினால் முழு ஒப்பீடும் கெட்டுவிடும்.

நிந்தவூர்_தாத்தா எழுதியது:

நாட்காட்டியை ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மூன்று சோதனையும் எழுதிய பிள்ளைகளை மட்டும்தான் கணக்கில் எடுக்கலாம். மாரியில் வெள்ளம் வந்தாலோ, வெள்ளாமை வெட்டு நேரத்திலோ ஊர்ப்பக்கப் பாடசாலைகளில் வரவு விழும், அந்தக் கிழமைகளில் சோதனை வைக்காதீர்கள். வராதவர்களுக்கு மூன்று நாளுக்குள் மீள்சோதனை வைத்துவிடுங்கள், அதைவிடப் பிந்தினால் கதை வெளியே போய்விடும். தாமதச் சோதனைக்கு இடையில் தவணை விடுமுறை வந்தால் பரவாயில்லை, திருத்தம் இல்லாத நாட்களிலும் நிலைத்ததா என்று பார்க்க அது வசதிதான், ஆனால் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். இதே ஆய்வைக் காத்தான்குடியிலோ இங்கேயோ செய்ய நினைப்பவர்கள் முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

ஆங்கில ரியூசனுக்குப் போகிறவர்கள் யார் என்று முன்சோதனைத் தாளிலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். அதிபரின் அனுமதியை எழுத்தில் எடுங்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவியுங்கள், பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். ஒலிப்பதிவு செய்வதைக் கடிதத்தில் தனியாகச் சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு, பெயர்ப்பட்டியலை வேறாகப் பூட்டி வையுங்கள்.