75-க்கு மேல் எடுத்தால்தான் மாலையா?

மெரேபேங்க்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. ஆனால் மூன்று நாளாக ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது, கொட்டிவிடுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்கா டர்பனில் என் மகனுக்கு இந்த வருஷம் பட்டம், அதுவும் கம் லாடே (சராசரி 75-க்கு மேல் இருந்தால் பட்டத்தோடு அந்த இரண்டு வார்த்தையும் சேரும், ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்). போன ஞாயிறு எங்கள் சங்கத்தில் அவனோடு சேர்த்து ஏழு பிள்ளைகளுக்கு மாலை, சால்வை, மேடையில் நாற்காலி, ஆளுக்குப் பத்து நிமிஷம் புகழ்ச்சி. எனக்குப் பெருமைதான், இல்லை என்றால் பொய்.

ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினவள் எதிர்வீட்டுக்காரி. அவள் மகளும் அதே வாரம்தான் அதே மண்டபத்தில் பட்டம் வாங்கினாள். மூன்று வருஷப் படிப்புக்கு ஐந்து வருஷம் ஆனது, மார்க்கும் அறுபத்துச் சொச்சம். அவள் பெயரை எங்கள் சங்கத்தில் ஒருத்தரும் எடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இந்த அம்மாதான் எழுந்து போய் டால் வாளியைத் தூக்கி வந்து பரிமாறினாள். என் பையன் மாலையைக் கழற்றாமலே அவள் முன்னால் தட்டை நீட்டினான். எனக்கு பிரியாணி இறங்கவில்லை. 75 என்ற கோட்டை நாம் எதற்குக் கோயில் மண்டபத்துக்குள் கொண்டுவருகிறோம்?

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
அம்மா, முதலில் மகனுக்கு என் வாழ்த்துகள். ஆனால் நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முப்பத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், மார்க்கைப் பற்றி யாராவது இளப்பமாகப் பேசினால் சும்மா இருக்க முடியாது.

நாங்கள் படித்த காலம் உங்களுக்கு நினைவில் இருக்காது. 1959-இல் ஒரு சட்டம் போட்டு, வெள்ளைக்காரர் பல்கலைக்கழகங்களில் மற்றவர்கள் சேருவதற்குக் கதவைச் சாத்தினார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கு என்று 1961-இல் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் தனிக் கல்லூரி. ஃபெரியில் ஏறிப் போய்ப் படித்தோம். அதுதான் பிறகு வெஸ்ட்வில்லுக்குப் போய், 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்றைய குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அந்த நாளில் 'உனக்கு மூளை இல்லை, நீ கரும்பு வெட்டத்தான் லாயக்கு' என்று சொன்னவன் முகத்தில் விட்டெறிய எங்களிடம் இருந்த ஒரே பொருள் மார்க். வேறு எதை எடுத்துக்கொண்டு போனாலும் மறுத்துவிடுவான், 82-ஐ எப்படி மறுப்பான்? முதல் வரிசைக்கு வந்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஊருக்குக் காட்டுவது ஆடம்பரம் இல்லை அம்மா, கடமை. எல்லாருக்கும் மாலை போட்டால் அது மாலை இல்லை, வருகைப் பதிவேடு.

டால்_ரைஸ்:
சும்மா கம் லாடே என்று இன்னொன்று இருக்கிறதே வாத்தியாரையா, கம் லாடேக்கும் மேலே. சும்மா கிடைக்காததற்கு 'சும்மா' என்று பேர் வைத்தது யார்?
(பிரியாணி வெஜ்ஜா?)

மெரேபேங்க்_அம்மா:
வெஜ்தான். கோயில் மண்டபம் அப்பா அது.

மிட்ராண்ட்_தஞ்சாவூரான்:
நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அதனால் வெளியாள் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பட்டமளிப்பு என்றால் பெரும்பாலும் தங்கப்பதக்கம், ரேங்க், முனைவர் பட்டம் வாங்குபவர்கள் மேடை ஏறுவார்கள், கவர்னர் கையால் வாங்குவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். என்னை மாதிரி ஆட்கள் கல்லூரி அலுவலகத்து ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். என் சான்றிதழ் கொடுத்த கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போன வருஷம் என் டீமில் வேலை பார்க்கும் ஜூலுப் பையன் ஒருவனுக்குப் பட்டம். அவன் கூப்பிட்டான் என்று டர்பன் வந்தேன். ஒவ்வொருத்தர் பெயரையும் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருத்தரும் நடந்து வந்து மண்டியிட, தொப்பியால் தலையில் ஒரு தட்டு, தோளில் ஹுட் (பட்டத்துக்கான தோள்துணி), கைகுலுக்கல். ஒரு ஆளுக்குப் பத்து விநாடிகூட இருக்காது. ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் மேல் வரிசையிலிருந்து அவன் அம்மா ஒரு குலவை போட்டார்கள் பாருங்கள். எங்கள் ஊர் முளைப்பாரிக்குப் போட்ட மாதிரி இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே குலவையைத்தான் அடுத்து வந்த கம் லாடே பெண்ணுக்கும் போட்டார்கள். குலவைக்குக் கட்-ஆஃப் இல்லை.

ஆகவே என் ஓட்டு அம்மாவுக்கு. பல்கலைக்கழகமே எல்லாரையும் கூப்பிடும்போது சங்கம் ஏன் பிரிக்கவேண்டும்?

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
தம்பி, நீங்களே பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே மேடையில் 'கம் லாடே' என்று சேர்த்து வாசித்தார்களா இல்லையா? சிவப்பு அங்கி போட்ட முனைவர்களை நிறுத்திவைத்து அவர்கள் ஆராய்ச்சி என்ன என்று ஒரு பத்தி படித்தார்களா இல்லையா? ஆகப் பல்கலைக்கழகமும் பிரிக்கத்தான் செய்கிறது. எல்லாருக்கும் பத்து விநாடி, சிலருக்கு ஒரு பத்தி. சங்கம் அந்தப் பத்தியைக் கொஞ்சம் நீட்டியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. டாக்டர் கூனம் 1936-இல் எடின்பரோவில் மருத்துவம் முடித்தார். நம் டர்பன் தமிழ்க் குடும்பத்துப் பெண். நவி பிள்ளை பஸ் டிரைவர் மகள், டர்பன் கிளேர்வுட்டில் வளர்ந்தவர், 1965-இல் நேட்டாலில் சட்டப்பட்டம், பிறகு ஹார்வர்டில் முனைவர், நீதிபதி, 2008-லிருந்து 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். இந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தானே நாங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம்? 'அறுபத்திரண்டு எடுத்துப் பாஸ் பண்ணினார் பார்' என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறீர்களா?

கிளேர்வுட்_பேரன்:
வாத்தியாரையா, கிளேர்வுட் பேச்சை எடுத்துவிட்டீர்கள், இனி நான் பேசாமல் இருக்க முடியாது. நவி பிள்ளை படிக்க ஊர்க்காரர்கள் காசு போட்டார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எப்போது போட்டார்கள் என்று யோசியுங்கள். அவர் நீதிபதி ஆன பிறகா? ஹார்வர்டுக்குப் போன பிறகா? பட்டம் வாங்குவதற்கு முன்னால்! அந்தப் பெண் எவ்வளவு மார்க் எடுக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கரும்புத்தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், தோட்டக்காய் விற்றவர்கள், தொழிற்சாலைக்குப் போனவர்கள். கையில் இருந்ததைப் போட்டார்கள். இப்போது நம் சங்கங்கள் செய்வது நேர் எதிர். நாலு வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டோம், ஜெயித்து வந்ததும் மாலையோடு ஓடுவோம், ஃபோட்டோவில் நடுவில் தலைவர் நிற்பார்.

மாலை விலை என்ன, மைக் செட் வாடகை என்ன, அச்சடித்த பேனர் என்ன, யாராவது கூட்டிப் பார்த்தீர்களா? அதில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் பஸ் காசு வரும்.

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
பஸ் காசு கொடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டும் செய்யுங்கள். நான் பேசுவது மாலையைப் பற்றி.

அப்புறம் ஒரு விஷயம். 'கஷ்டப்பட்டுப் படித்தாள், அதனால் மார்க் வரவில்லை' என்று எல்லாரும் பேசுகிறீர்கள். 2020-இல் கொரோனா, 2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம், 2023 முழுக்க மின்வெட்டு. இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்ததா? அம்மாவின் மகனும் அதே டர்பனில்தான் இருந்தான். அவன் 75 எடுத்தான். அவன் உழைப்பை ஏன் குறைக்கிறீர்கள்?

மெரேபேங்க்_அம்மா:
வாத்தியாரையா, என் மகனைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நானே பதில் சொல்கிறேன். உழைத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போகும் ஸ்டேஜ் ஆறு மின்வெட்டு வந்தபோது எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. எதிர்வீட்டில் இல்லை. சில ராத்திரி அந்தப் பெண் புத்தகத்தோடு எங்கள் கராஜில் வந்து உட்காருவாள், நான்தான் விளக்கு போட்டுக்கொடுப்பேன். பத்தரைக்கு மேல் இருக்கமாட்டாள், அடுத்தவர் வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்வது என்று கூச்சம். என் மகன் ஒரு மணி வரை படிப்பான். அந்த இரண்டரை மணி நேரத்தை எந்த மார்க் ஷீட்டில் தேடுவது?

மிட்ராண்ட்_தஞ்சாவூரான்:
இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவேண்டியதில்லை.

டால்_ரைஸ்:
எழுதமாட்டேன் என்று எழுதிவிட்டுப் போகிறார் பாருங்கள்.

ழகரக்காரி:
பொதுவாக நான் இங்கே வாயைத் திறப்பதில்லை. மேலே பேசப்படும் பெண் நான் இல்லை, ஆனால் நானும் அந்த ஜாதிதான், 2019-இல் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து முடித்தவள். வீடு டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ். அரசு உதவித்தொகை கிடைக்கக் குடும்பத்தின் வருஷ வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருக்கவேண்டும். அப்பாவின் ஓவர்டைம் சேர்ந்து கொஞ்சம் தாண்டிவிட்டது. வங்கிக் கடனுக்கோ அது போதாது. இரண்டுங்கெட்டான். அதனால் ராத்திரி கால் சென்டர், காலையில் வகுப்பு. அவ்வளவுதான் என் கதை, இதைச் சொல்லி அனுதாபம் கேட்கவில்லை.

மேடையில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் மேடையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். வாடகை அங்கி, என் உயரத்துக்கு ஒரு சாண் நீளம். ஹுட் புடவைப் பட்டில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, வரிசையில் பின்னால் நின்ற ஜூலுப் பெண் தன் தலைக்கட்டிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்துக் குத்திவிட்டாள். ஒருவருக்கு இரண்டு சீட்டுதான் என்பதால் அம்மா அப்பா உள்ளே, ஆயா கார் பார்க்கிங்கில் தம்பியின் போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. வாசித்தவர் அதற்கு முன்னால் வந்து ஒரு கணம் நின்றார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குதித்த மாதிரி என்னமோ சொன்னார். அது என் பெயர்தான் என்று எனக்கே அரை நொடி கழித்துத்தான் புரிந்தது. சிரித்துக்கொண்டே நடந்தேன். கையில் உறை கொடுத்தார்கள். வெளியே வந்து திறந்தால் உள்ளே சான்றிதழ் இல்லை, கட்டணப் பாக்கி இருக்கிறது என்று ஒரு கடிதம். பாக்கி கட்டினால்தான் சான்றிதழ். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

ஆயாவிடம் அதைச் சொல்லவில்லை. உறையை மூடியபடியே கொடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு மாலை வேண்டாம். 75 எடுத்தவர்களுக்குப் போடுங்கள், என் தோழிகள் இரண்டு பேர் எடுத்தார்கள், அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. ஆனால் 'வருகைப் பதிவேடு' என்று ஒரு வார்த்தை வந்ததே, அது கொஞ்சம் சுட்டது.

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
அம்மாடி, அந்த வார்த்தை என்னுடையது. எடுத்துவிடுகிறேன். வாத்தியார் வாய், சில நேரம் பிரம்பு மாதிரி நீண்டுவிடும்.

மற்றதை எடுக்கமாட்டேன். முதலாவதாக வந்தவரை முதலாவது என்றுதான் சொல்லவேண்டும், சாகும்வரை இதையே சொல்வேன். கிளேர்வுட்_பேரன் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்கவைத்தது, எப்போது போட்டார்கள் என்ற அந்தக் கேள்வி.

உனக்குப் பாக்கி எவ்வளவு என்று இங்கே எழுதாதே, ஊரே படிக்கும். தனிச்செய்தியில் அனுப்பு. என்னோடு ஓய்வுபெற்ற வாத்திமார் ஒன்பது பேர் மாதாமாதம் சீட்டுப் போடுகிறோம், யாருக்கு எடுப்பது என்று இந்த மாதம் சண்டை.

கிளேர்வுட்_பேரன்:
ஐயா, எனக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

ழகரக்காரி:
ஐயா, நான் அதற்காக எழுதவில்லை.

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
தெரியும். கணக்கில் எவ்வளவு எடுத்தாய்?

ழகரக்காரி:
புள்ளியியலில் 71, மற்றதெல்லாம் கேட்காதீர்கள்.

வாத்தியார்_சாட்ஸ்வொர்த்:
71! ராத்திரி வேலை பார்த்துக்கொண்டா? சரி, தனிச்செய்தி அனுப்பு.

மெரேபேங்க்_அம்மா:
நான் சங்கத் தலைவரிடம் பேசினேன். விதியை மாற்ற முடியாது, பொதுக்குழு கூடவேண்டும் என்றார். அடுத்த பொதுக்குழு ஆகஸ்டில். யாராவது கூட வருகிறீர்களா? தனியாகப் பேசினால் 'உன் மகனுக்குத்தான் போட்டாச்சே' என்று உட்காரவைத்துவிடுவார்கள்.

டால்_ரைஸ்:
நான் வருகிறேன் அக்கா. சாப்பாடு இருக்கும்தானே?