.31 பாக்கெட் ரிவால்வருக்கு எத்தனை கிரெயின் மருந்து? 15 போட்டும் குண்டு சிதறுகிறது

கேள்வி:
1849 கோல்ட் பாக்கெட் மாடலைப் பார்த்துச் செய்த புதுத் துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. .31 அங்குலக் குழாய், சிலிண்டரில் ஐந்து அறை, எஃகுச் சட்டகம். மூன்று எஃப் என்கிற பொடிசான கருமருந்தை 10 கிரெயினில் (ஒரு கிரெயின் என்பது கிராமில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு) ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இப்போது 15க்கு வந்துவிட்டேன். 15 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு தட்டு அளவுக்குச் சிதறுகின்றன, அதுவும் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே. போதாக்குறைக்கு மூன்றாவது சுடுதலுக்குப் பிறகு சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்கிறது. இன்னும் கூட்டலாமா, இல்லை கருமருந்துக்குப் பதிலாகப் போடுகிற பைரோடெக்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
கூட்டாதீர்கள். இந்தச் சின்ன அறைக்கு 15 என்பதே கிட்டத்தட்ட உச்சம், குண்டே 50 கிரெயின் எடைதான். பெரும்பாலும் 12, 13இல்தான் குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் விழும். கையேட்டில் உச்ச அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பைரோடெக்ஸ் தீப்பிடிக்கக் கருமருந்தைவிடக் கூடுதல் சூடு வேண்டும், இவ்வளவு கொஞ்ச மருந்தில் தாமதமாகப் பற்றும் தொல்லை வரலாம். போட்டே ஆக வேண்டுமென்றால் தராசில் நிறுக்காமல் அதே அளவியால் கொள்ளளவாக அளந்து போடுங்கள்.
சிலிண்டர் மாட்டுவது வெடித்த கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புத் தொப்பி) துண்டுகளால்தான் இருக்கும். கோல்ட் வகையில் இது பழைய வியாதி.

பதில் 2:
மருந்தை விடுங்கள், குண்டு என்ன அளவு? குண்டை லிவரால் அறைக்குள் அழுத்தும்போது அறை வாயில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வருகிறதா?

கேட்டவர்:
0.310. வளையமெல்லாம் வரவில்லை, விரலால் தள்ளினாலே பாதி இறங்கிவிடும். .31 என்று எழுதியிருந்ததால் அதையே வாங்கினேன்.

பதில் 2:
அப்போ இதுதான் விஷயம். .31 என்பது பெயர்தான் சார், அறை வாய் அதைவிடப் பெரிது. காலிப்பரால் அளந்து பார்த்து அதைவிடச் சற்றுப் பெரிய குண்டாக எடுங்கள், இந்த மாடல்களுக்கு 0.319 அல்லது 0.321 போடுவார்கள். தளர்ந்த குண்டு ஒவ்வொரு உதைப்பிலும் முன்னால் நகர்ந்து வரும். நகர்ந்தால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி, அது குழாய்க்கும் அறைக்கும் ஆபத்து. வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் மாட்டும். குண்டைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகப் பொறி போய்ப் பக்கத்து அறையும் சேர்ந்து வெடிக்கலாம். இதுவரை வெடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம், அந்த 0.310ஐ இனி இதில் போடவே வேண்டாம்.

பதில் 1:
கேப் துண்டு என்று நான் சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். அடுத்து மாட்டினால் குழாயைச் சுடுதளத்தின் பக்கமே வைத்து, மிச்சக் கேப்புகளை முதலில் கழற்றிவிட்டு, முன்பக்கம் குண்டு நீட்டுகிறதா, பின்பக்கம் செப்புத் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். கேப் அதை மாட்டும் முனையில் (நிப்பிளில்) இறுக்கமாக உட்காராவிட்டாலும் பின்னாலிருந்து தீ தாவும்.

கேட்டவர்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மாட்டியபோது பார்த்தேன், இரண்டு அறையில் குண்டு வெளியே எட்டிப் பார்த்தது, கேப் துண்டு ஒன்றும் இல்லை. 0.321 வாங்கி 12 கிரெயின் போட்டேன், வளையம் அழகாகச் சுருண்டு வந்தது. ஆனால் குண்டு ரொம்ப ஆழத்தில் போய் உட்காருகிறது, மேலே நிறைய இடம் காலி.

பதில் 2:
மருந்துக்கு மேல் கொஞ்சம் உப்புமா ரவை போட்டு அழுத்துங்கள், குண்டு வாய்க்கு அருகே வரும், குழாய்க்குள் நேராக நுழையும். அழுத்தி முடித்தபின் இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. குண்டுக்கு மேல் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த கிரீஸ் தடவினால் கரி இளகியிருக்கும், பெட்ரோலிய எண்ணெய் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மருந்தைக் குடுவையிலிருந்து நேராக அறைக்குள் கொட்டாதீர்கள், உள்ளே கங்கு இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

கேட்டவர்:
ரவை போட்டபின் ஐந்தும் உள்ளங்கைக்குள் விழுந்தன! 13இல் மறுபடி கொஞ்சம் விரிந்தது, 12லேயே நின்றுவிட்டேன். மேலே போவது மட்டும் மாறவில்லை. முன்குறியை அரத்தால் தேய்க்கலாமா?

பதில் 1:
ஐயோ, தேய்த்தால் இன்னும் மேலே போகும். இந்தக் கோல்ட் எல்லாம் கிட்டத்தில் மேலேதான் அடிக்கும். பின்குறி என்பது கேப்பைத் தட்டுகிற சுத்தியலில் இருக்கிற வெட்டுதான், அதை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கொஞ்சம் ஆழப்படுத்தலாம், இல்லாவிட்டால் உயரமான முன்குறி வைக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை, ஒரு சாண் கீழே குறிவைத்துப் பழகிவிட்டேன்.