பாத்திரக்கடையில் ஐடி முடிவுகளை யார் எடுப்பது? யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். நெல்லை டவுனில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் கிளைகள் உண்டு. மூன்று கடைக்கும் மூன்று பில்லிங் சாஃப்ட்வேர். ஒரே குத்துவிளக்குக்கு இங்கே ஒரு ஐட்டம் நம்பர், அங்கே வேறொன்று. மாசக் கடைசியில் எக்ஸெலில் நான்தான் உட்கார்ந்து ஒட்டுப்போடுகிறேன். அட்மின் பாஸ்வேர்டு சாஃப்ட்வேர் விற்ற தம்பியிடம் மட்டும்தான். அவர் போனை எடுக்காத அன்று பில் போட முடியாது.

இப்போது முதலாளி அண்ணாச்சி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றலாம் என்கிறார். அவர் மகன் ஒரு கம்பெனியைச் சொல்கிறார், ஆடிட்டர் இன்னொன்றை. எதை வாங்குவது என்பதைவிட யார் முடிவெடுப்பது என்பதில்தான் இழுபறி.

தேடிப் படித்ததில், ஒரு நிறுவனம் ஐடியை எப்படி ஆள வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தரநிலை, 2008-ல் வந்த ஐஎஸ்ஓ 38500, பிடித்திருந்தது. மதிப்பிடுவது, வழிகாட்டுவது, கண்காணிப்பது மூன்றும் நிர்வாகத்தின் பொறுப்பு என்கிறது அது. ஐடி பார்க்கிறவர் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. ஐடி நிர்வாகத்துக்கான இன்னொரு வழிகாட்டியான கோபிட் 2019-ஐயும் புரட்டினேன். அதில் 40 குறிக்கோள்கள். எங்களுக்கு அது தொளதொளச் சட்டை.

சின்ன வியாபாரத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை ரூபாய் வரை கிளை மேனேஜரே முடிவெடுக்கலாம், எதற்கு அண்ணாச்சி கையெழுத்து வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் அனுப்புங்கள். அப்புறம், பாஸ்வேர்டும் பேக்கப்பும் கடைக்கே சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்?

கம்பெனி சிபாரிசு மட்டும் வேண்டாம், இருக்கிற சண்டையே போதும். ஆனித் தேரோட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசப்போகிறோம், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.