நாமே செய்த 4 அடி 10 அங்குல விங் ஃபாயில் பலகை: முட்டி போட்டால் மூழ்குது, எழுந்தால் மூக்கைத் தூக்குது

பாம்பன்காற்று (கேள்வி)

வணக்கம். 110 லிட்டர் கன அளவுள்ள பலகையில் விங் ஃபாயில் (கையில் காற்றுச் சிறகைப் பிடித்து, அடியில் நீர்ச்சிறகு வைத்த பலகையில் தண்ணீருக்கு மேலே பறப்பது) பழகியாச்சு. இரண்டு பக்கமும் பறந்து போக வரும், ஜைப் (காற்றுவாக்கில் சுற்றித் திரும்புவது) ஒரு பக்கம் மட்டும். அடுத்து சின்னதுக்கு மாற எக்ஸ்பிஎஸ் ஃபோமில் (கெட்டியான தெர்மோகோல் மாதிரி) ஒன்று செய்தேன். அதுதான் படுத்துகிறது.

என் எடை 72 கிலோ. பலகை 147 செ.மீ. நீளம், 54 அகலம், நடுவில் 10.5 தடிமன். மூன்றையும் பெருக்கி 0.75 போட்டேன், 62 லிட்டர் வந்தது. தண்ணீருக்கடியில் இருக்கும் ஃபாயிலின் முன்சிறகு 1800 சதுர செ.மீ., அதைப் பலகையோடு இணைக்கும் அலுமினியக் கம்பம் (மாஸ்ட்) 75 செ.மீ., கையில் பிடிக்கும் விங் 5 சதுர மீட்டர். ராமேஸ்வரத்தில் பெண்கடல் (வடக்கே பாக் விரிகுடா) பக்கம், கச்சான் (தென்மேற்குக்) காற்று 14 முதல் 18 நாட் (மணிக்கு 26 முதல் 33 கி.மீ.).

செய்த விதம்: எக்ஸ்பிஎஸ் கோர் (உட்பகுதி), மேலும் கீழும் 200 கிராம் கண்ணாடித் துணி இரண்டிரண்டு அடுக்கு, எபாக்சி. மரம் எதுவும் இல்லை. மாஸ்டைப் பூட்டி நகர்த்தும் 10 அங்குல டிராக் (தண்டவாளம்) இரண்டையும் ஃபோமில் பள்ளம் வெட்டி எபாக்சி ஊற்றி உட்கார வைத்தேன்.

முட்டி போட்டதும் தண்ணீர் தொப்புள் வரை வருது. வால் இறங்கி மூக்கு வானத்தைப் பார்க்குது. அதனால் மாஸ்டை டிராக்கின் முன்கோடிக்குத் தள்ளினேன். இப்போது தப்பித்தவறி எழுந்தால், கிளம்பிய வேகத்தில் மூக்கு தூக்கி, சிறகு தண்ணீரை விட்டு வெளியே வந்து விழுகிறேன். இதற்கிடையில் டிராக் முன்முனையில் முடி போல ஒரு விரிசல். செய்தபோது 5.2 கிலோ இருந்த பலகை இப்போது 5.9.

இதை வைத்தே பழகலாமா, பெரிதாக இன்னொன்று செய்யணுமா?

ஃபோம்தூசி

முதலில் பலகையைக் கடலில் இறக்காதீர்கள். கூடிய 700 கிராமும் உள்ளே போன தண்ணீர். அந்த விரிசலோடு இன்னும் நாலு தடவை விழுந்தால் மாஸ்ட் டிராக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

அடுத்து லிட்டர் கணக்கு. 0.75 பெட்டி மாதிரி பலகைக்கு வரும். மூக்கும் வாலும் மெலிந்து ஓரம் உருண்ட பலகைக்கு 0.6 பக்கம்தான். துல்லியமாக வேண்டுமென்றால் மிச்சமான ஃபோம் துண்டை 30×20×5 செ.மீ. அளவுக்கு வெட்டி (3 லிட்டர்) சமையலறைத் தராசில் நிறுங்கள். துணி ஒட்டுவதற்கு முன் கோரை நிறுத்திருந்தால் அதை ஃபோமின் ஒரு லிட்டர் எடையால் வகுத்தால் உண்மையான லிட்டர் கிடைக்கும்.

இன்னொன்று: ஃபோமின் வழவழ மேல்தோலைத் தேய்த்து எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் எபாக்சி சரியாகப் பிடிக்காது. ஒரு நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டுங்கள். 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் துணி விட்டிருக்கும்.

பாம்பன்காற்று

தோல் எடுத்தேன், 80 நம்பர் தாளால் தேய்த்தேன். தட்டிப் பார்த்ததில் டிராக்கைச் சுற்றி மட்டும்தான் மந்தம். துண்டு 99 கிராம். கோர் எடை குறித்து வைத்திருக்கிறேன்: 1.62 கிலோ.

ஃபோம்தூசி

99-ஐ மூன்றால் வகுத்தால் லிட்டருக்கு 33 கிராம். 1620-ஐ 33-ஆல் வகுத்தால் 49. உங்கள் பலகை 62 இல்லை, 49 லிட்டர்.

கடல்நீரில் 49 லிட்டர் ஏறக்குறைய 50 கிலோ தூக்கும். பலகைக்கும் ஃபாயிலுக்கும் 8 கிலோ போனால் மிச்சம் 42. நீங்கள் 72. குறையும் 30 கிலோவை உங்கள் உடம்பே மிதந்து ஈடுகட்டணும். இரண்டு காலும் இடுப்பும் முழுக்க உள்ளே போனால்தான் அவ்வளவு வரும். ஆக, தொப்புள் வரை தண்ணீர் என்பது கோளாறே இல்லை, கணக்குப்படி அது நிற்க வேண்டிய இடம்.

சோழகம்17

மூழ்குவது சரி என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். முழுக்க மூழ்கிய பலகை பக்கவாட்டில் நன்றாகவே நிற்கும். பாதி மேலே, பாதி கீழே என்று வரும்போதுதான் ஆட்டம். அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்த தப்பு வேறு. வால் இறங்கியதற்கு மாஸ்ட் காரணமில்லை, முட்டி வைத்த இடம் காரணம். பலகை நிற்கும்போது சிறகு ஒன்றும் தூக்குவதில்லை, ஃபோம் மட்டும்தான் தூக்குகிறது. மாஸ்டை முன்னால் தள்ளியதால் வால் பிரச்சினை அப்படியே இருக்க, பறக்கும்போது தூக்கும் இடம் உங்கள் முன்காலுக்கும் முன்னால் போய்விட்டது. பிறகு மூக்கு தூக்காமல் என்ன செய்யும்?

ஃபாயிலைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்த உருளைக் குழாய் மேல் பலகையைக் குறுக்கே வைத்துச் சமநிலைப் புள்ளியைத் தேடுங்கள். மிதவை மையமும் ஏறத்தாழ அங்கேதான். மேல்பக்கம் அங்கே ஒரு கோடு போடுங்கள். முட்டிச் சில்லு இரண்டும் அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ. முன்னால், ஒன்றுக்கொன்று 25 செ.மீ. இடைவெளியில். அப்போதுதான் தொடையும் இடுப்பும் சேர்ந்த பாரம் கோட்டுக்கு மேலே விழும். அதே கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் முன்சிறகின் நடுப்பகுதி வருகிற மாதிரி மாஸ்டை நகர்த்துங்கள். பிறகு கடலில் ஒரு செ.மீ., ஒரு செ.மீ. ஆக மாற்றிப் பாருங்கள். முன்காலை ஓயாமல் அழுத்த வேண்டியிருந்தால் பின்னுக்கு, பின்கால் சோர்ந்தால் முன்னுக்கு.

இனி கிளம்புவது. மார்பளவுத் தண்ணீர், 1.2 மீட்டருக்குக் குறையாமல். இல்லாவிட்டால் சிறகு மணலில் குத்தும். முதலில் விங்கை முன்கையால் தலைக்கு மேல் பறக்க விடுங்கள். அது நிலைத்த பிறகுதான் முட்டி. விங் தண்ணீரில் கிடக்கப் பலகையோடு மல்லுக்கட்டினால் எத்தனை முறை ஏறினாலும் கவிழ்வீர்கள். பலகை காற்றுக்குக் குறுக்கே. பின்கையை மெல்ல இழுத்து, விங் உங்களை முன்னால் இழுப்பதைவிட மேலே தூக்குகிற மாதிரி உயரப் பிடியுங்கள். மூக்கு கொஞ்சம் தூக்கியே இருக்கட்டும், 10–15 டிகிரி. மட்டமாக வைத்தால் நகர ஆரம்பித்ததும் மூக்கு மேல் தண்ணீர் ஏறி உள்ளே அமுக்கிவிடும். 45 டிகிரி என்றால் அது நங்கூரம். நகர்ந்ததும் சற்றே காற்றுவாக்கில் திருப்புங்கள். பலகை முழுக்க மேலே வந்து தண்ணீர் மேல் வழுக்கும்வரை முட்டியிலேயே இருங்கள். பிறகு முன்கால், உடனே பின்கால். பாதி மூழ்கியிருக்கும்போது எழுந்தால் பாரம் ஒரு காலில் விழுந்து பலகை புரளும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

14 நாட் காற்றில் 5 மீட்டர் விங்கோடு இதைப் பழகவே வேண்டாம். 17–20 அடிக்கும் நாளுக்குக் காத்திருங்கள். காற்று குறைந்த நாளில் 110 லிட்டரை எடுத்து மற்ற பக்க ஜைப்பை முடியுங்கள்.

கரைவலை

72 கிலோ ஆளுக்கு 110-லிருந்து நேராக 49 அதிகப்படி. நடுவில் 75–80 லிட்டர் ஒன்று செய்தால் நிம்மதி. இதை மூலையில் வையுங்கள்.

சோழகம்17

ஒப்புக்கொள்ள மாட்டேன். எடைக்குச் சமமான லிட்டரில் முட்டி போட்டால் பலகை தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே தத்தளிக்கும், அதில் கிளம்பும் பழக்கம் வேறு. அவருக்கு இரண்டு பக்கமும் பறக்க வருகிறது. காற்று நன்றாக அடிக்கும் இடமும் இருக்கிறது.

ஃபோம்தூசி

இருவரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், பலகை ஓட்டையாக இருக்கிறது.

விரிசல் ஏன் வந்தது? மாஸ்ட் 75 செ.மீ. நெம்புகோல். அதன் விசை முழுதும் கீழ்த்தோலையும் (அடிப்பக்கத் துணியடுக்கு) மெத்தென்ற ஃபோமையும் மட்டும் பிடித்திருந்தது. டிராக்கை மேல்தோலோடு (மேல்பக்கத் துணியடுக்கு) கட்ட வேண்டும். விரிசல் மேல் ஒரு துணி ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று விடும்.

விரிசலைக் கொஞ்சம் திறந்து, அந்தப் பக்கம் கீழே இருக்க நிழலில் சாய்த்துத் தண்ணீரை வடியுங்கள். எடை 5.2-க்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள். ஹீட் கன் வேண்டாம், ஃபோம் உருகும். பிறகு டிராக்குகளைச் சுற்றி 36×16 செ.மீ. செவ்வகம் வெட்டி, உள்ளே ஃபோமை மேல்தோல் தெரியும்வரை தோண்டுங்கள். பழைய டிராக்கை மறந்துவிடுங்கள், முழுசாக வராது.

அந்தக் குழியில் கன மீட்டருக்கு 80 கிலோ பிவிசி ஃபோம். 25 மி.மீ. தகடு நாலை ஒட்டி அடுக்கினால் தடிமன் வரும். எக்ஸ்பிஎஸ்ஸைவிட ஏறக்குறைய 270 கிராம் கூடும், தாங்கலாம். கிடைக்காவிட்டால் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் 6 மி.மீ., 40 செ.மீ. நீளத்தில் இரண்டு, இரு டிராக்கின் வெளிப்பக்கம் ஒட்டி, மேல்தோலிலிருந்து கீழ்த்தோல்வரை செங்குத்தாக நிற்கணும். 40-க்குக் குழியையும் நீட்டிக்கொள்ளுங்கள்.

டிராக் இரண்டின் நடுக்கோட்டுக்கும் நடுவே சரியாக 90 மி.மீ. ஒட்டும்போது மாஸ்ட் தட்டையே போல்ட் போட்டு வைத்துவிட்டால் கோணல் வராது. தட்டுக்கும் பலகைக்கும் நடுவே பாலிதீன் தாள் மறக்க வேண்டாம். எபாக்சியில் ஏரோசில் (சிலிக்கா தூள்) கலந்து கெட்டியாக்குங்கள். மைக்ரோபலூன் (நுண்குமிழ்த் தூள்) இங்கே கூடாது, அது மிருது. அடிப்பக்கத்தில் இதன் மேல் மூன்று அடுக்கு துணி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 செ.மீ. பெரிதாக. மேல்தளத்தில் அதே இடத்துக்கு இரண்டு அடுக்கு. உங்கள் பின்கால் விழுவதும் அங்கேதான்.

நம்மூர் வெயிலில் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், டப்பாவிலேயே கொதித்துவிடும். மாலையில் வெப்பம் இறங்கும்போது ஒட்டுங்கள். காலையில் ஒட்டினால் ஃபோம் சூடேறி உள்காற்று விரிந்து துணிக்கடியில் குமிழ் விடும். மறுநாள் மேலே பிசுபிசுவென்று படிந்திருந்தால் தண்ணீரால் கழுவிவிட்டுத் தேயுங்கள். வண்ணம் வெள்ளை மட்டும்.

கரைவலை

சரி, இடத்தைப் பற்றியாவது சொல்கிறேன். கச்சானில் பெண்கடல் பக்கம் தண்ணீர் தட்டையாக இருப்பதற்குக் காரணம் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. கிளம்ப முடியாத பலகையோடு அது உங்களை வெளியே தள்ளிக்கொண்டே போகும். தனியாகப் போகாதீர்கள், கரையில் வள்ளத்தோடு ஒருவர் இருக்கட்டும். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் வலைகளும் எங்கே கிடக்கின்றன என்று அன்றன்றைக்கு மீனவர்களிடம் கேளுங்கள். ஹெல்மெட், இம்பாக்ட் வெஸ்ட் (அடிதாங்கும் சட்டை) இரண்டும் வேண்டும். வெஸ்ட் தரும் மிதப்பு முட்டி போடும்போதும் கொஞ்சம் கைகொடுக்கும்.

திடீரென்று பிரேக் போட்ட மாதிரி இருந்தால் மாஸ்டில் கடல்புல். இறங்கிப் பலகையைப் பின்னோக்கித் தள்ளினால் கழன்றுவிடும்.

பாம்பன்காற்று

சமநிலைப் புள்ளி வாலிலிருந்து 74 செ.மீ. நான் முட்டி வைத்துக்கொண்டிருந்தது 60-இல்! சிறகின் நடு 80-க்கு வந்திருந்தது. பிளைவுட் முறையில் சரிசெய்யப் போகிறேன். ஒட்டி எத்தனை நாளில் இறக்கலாம்? பின்சிறகுக்கு ஷிம் (கோணம் மாற்றும் மெல்லிய ஆப்பு) வைத்தால் மூக்குத் தூக்கல் குறையுமா?

ஃபோம்தூசி

ஏழு நாள். தொட்டால் மறுநாளே காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீர்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு தடவையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒட்டிக்கொண்டால் புது டிராக்கும் போச்சு.

சோழகம்17

80 என்றால் தூக்கியதில் ஆச்சரியமில்லை. 71-இல் ஆரம்பியுங்கள். ஷிம்மை இப்போது தொடாதீர்கள், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 71-இலும் முன்கால் வலித்தால், பின்சிறகின் கீழ்நோக்கிய கோணத்தை அரை டிகிரி குறைக்கும் ஷிம் போடுங்கள்.

புது டிராக்கை ஒட்டும்போது அந்த 71 டிராக்கின் நடுவில் வருகிற மாதிரி வையுங்கள். இரண்டு பக்கமும் நகர்த்த இடம் வேண்டும்.