மின்சார கார் கடன் வட்டிக்கு 80இஇபி விலக்கு: வரிக் கணக்குப் படிவம் ஏற்க மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் – 12 ஜூலை 2025, இரவு 9.10

வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். 2023-இல் வங்கிக் கடன் வாங்கி மின்சார கார் எடுத்தோம். கடன் 9 லட்சம் ரூபாய், ஏழு ஆண்டுத் தவணை. மின்வாகனக் கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வருமான வரியில் கழிவு உண்டு, பிரிவு 80இஇபி என்று அப்போதே சொன்னார்கள். அந்த நம்பிக்கையில்தான் பெட்ரோல் காரை விட்டுவிட்டு இதை எடுத்தோம்.

2024-25 நிதியாண்டில் இந்தக் கடனுக்கு நான் கட்டிய வட்டி 68,000 ரூபாய். வங்கியின் வட்டிச் சான்றிதழும் கையில் இருக்கிறது. இன்று வருமான வரி இணையதளத்தில் ஐ.டி.ஆர்.-1 என்ற வரிக் கணக்குப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால், கழிவுகள் பட்டியலில் 80இஇபி-யைக் காணவே காணோம். சேமிப்புகளுக்கான 80சி-யும் இல்லை. கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்போது கிடையாது அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மதியத்திலிருந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் ஏற்கெனவே 40,040 ரூபாய் வரி பிடித்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கொண்டலாம்பட்டி – 12 ஜூலை, இரவு 9.42

அந்தச் சலுகை 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, சகோதரி. அதன் பிறகு நீட்டிக்கவில்லை. இல்லாத கழிவைப் போட்டால் வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வரும். விட்டுவிடுங்கள்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கணக்கர் – 12 ஜூலை, இரவு 10.25

விட்டுவிடாதீர்கள் அம்மா. மேலே நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. இந்தப் பாதிச் செய்தியை நம்பித் தங்களுக்கு உரிய பணத்தைக் கைவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

80இஇபி 2019 பட்ஜெட்டில் வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை *அனுமதிக்கப்பட்ட* கடன்களுக்கு அது பொருந்தும். முடிந்தது புதிய கடன்களுக்கான வாசல்தான். அந்தக் காலத்துக்குள் அனுமதி பெற்றுவிட்ட கடனாக இருந்தால், பிந்தைய ஆண்டுகளில் அதற்குக் கட்டும் வட்டிக்கும் கழிவு கேட்கலாம். கடன் தீரும்வரை அந்த உரிமை இருக்கிறது. கடன் கொடுத்தது வங்கியாகவோ, சட்டம் குறிப்பிடும் வகையைச் சேர்ந்த நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். கைமாற்றாக வாங்கிய பணத்தின் வட்டி இதில் சேராது. வாங்குபவரும் தனிநபராக இருக்க வேண்டும். நீங்கள் இந்த இரண்டிலும் சரியாக இருக்கிறீர்கள்.

பிறகு ஏன் பட்டியலில் காணவில்லை? வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான் உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான தேர்வு. நாம் வாயைத் திறக்காவிட்டால் இணையதளம் நம்மை அதில்தான் வைக்கும். படிவத்தின் தொடக்கத்தில், புதிய வரி முறையிலிருந்து விலகும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு "இல்லை" என்ற விடை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். கேள்வி "விலகுகிறீர்களா" என்று இருப்பதால், பழைய முறை வேண்டுமென்றால் "ஆம்" என்று மாற்ற வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கல்லூரியில் புதிய முறைப்படி வரி பிடித்திருந்தாலும் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாறிக்கொள்ளலாம். சம்பளக்காரர்களுக்குத் தனிப் படிவம் எதுவும் தேவையில்லை. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் இந்த உரிமை. இந்த ஆண்டு கெடு செப்டம்பர் 15 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் பழைய முறையைக் கேட்க முடியாது.

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் – 13 ஜூலை, காலை 7.05

ஐயா, நீங்கள் சொன்னபடியே "ஆம்" என்று மாற்றினேன். 80சி, 80டி, 80இஇபி எல்லாம் வந்துவிட்டன. மிக்க நன்றி. ஆனால் இப்போது வேறொரு முட்டுக்கட்டை. 80இஇபி-க்குத் தனி அட்டவணை திறக்கிறது. வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், கடன் தொகை, ஆண்டு இறுதியில் பாக்கி, வாகனப் பதிவு எண் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். தேதியை மட்டும் ஏற்க மறுக்கிறது. சான்றிதழில் இருப்பது 2023 ஏப்ரல் 19. கார் பதிவானது மே மாதம். அப்படியானால் கொண்டலாம்பட்டி நண்பர் சொன்னதுதான் சரியா? நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், இப்போது மறுபடியும் கவலை.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கணக்கர் – 13 ஜூலை, காலை 7.50

பதறாதீர்கள். ஏப்ரல் 19 என்பது வங்கி ஷோரூமுக்குப் பணம் கொடுத்த தேதியாக இருக்கும். வட்டிச் சான்றிதழ்களில் பெரும்பாலும் அந்தத் தேதியைத்தான் அச்சிடுகிறார்கள், ஏனென்றால் வட்டி ஓடத் தொடங்குவது அன்றிலிருந்துதான். சட்டம் கேட்பது அதை இல்லை. கடன் எந்த நாளில் *அனுமதிக்கப்பட்டது* என்று கேட்கிறது. கார் வீட்டுக்கு வந்த நாளோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான நாளோ இதில் கணக்கில் வராது.

கடன் வாங்கும்போது அனுமதிக் கடிதம் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள். அதன் தலைப்பில் இருக்கும் தேதிதான் உங்கள் வழக்கையே தீர்மானிக்கும். கிடைக்கவில்லை என்றால் கிளையில் எழுதிக் கேட்டு நகல் வாங்குங்கள். அதுவரை உத்தேசமாக எந்தத் தேதியையும் போட்டுவிடாதீர்கள். நாளை கேள்வி வந்தால் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும்.

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் – 13 ஜூலை, காலை 11.30

கிடைத்துவிட்டது ஐயா! பீரோவில், வீட்டுப் பத்திர நகலோடு ஒரே உறையில் இருந்தது. 2023 மார்ச் 24 என்று தெளிவாக இருக்கிறது. காருக்குக் காத்திருப்போர் பட்டியல் இருந்ததால்தான் பணம் ஏப்ரலில் போயிருக்கிறது. ஒரே ஒரு வாரத்தில் தப்பித்திருக்கிறேன். மார்ச் 24 என்று போட்டதும் படிவம் ஏற்றுக்கொண்டது.

சென்ற ஆண்டும் இதே கார், இதே கடன்தான். அப்போது விவரம் தெரியாமல் புதிய முறையிலேயே தாக்கல் செய்துவிட்டேன். அதைத் திரும்பப் பெற வழி உண்டா?

செவ்வாய்ப்பேட்டை, வரி ஆலோசகர் – 13 ஜூலை, மதியம் 1.15

சென்ற ஆண்டுக் கணக்கைத் திருத்த 2025 ஜனவரி 15 வரைதான் அவகாசம் இருந்தது. அதன் பிறகு தாக்கல் செய்யக்கூடிய "புதுப்பிக்கப்பட்ட கணக்கு" கூடுதல் வரி கட்டுவதற்குத்தான். வரியைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ அதைப் பயன்படுத்த முடியாது. வருத்தம்தான் மேடம்.

இந்த ஆண்டுக்கு வருவோம். படிவம் ஏற்றுக்கொண்டது என்பதற்காக உடனே "சமர்ப்பி" பொத்தானை அழுத்திவிடாதீர்கள். பழைய முறை உங்களுக்கு உண்மையிலேயே லாபமா என்று முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கட்டிய வரித் தொகையை வைத்துப் பார்த்தால் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 9,60,000 ரூபாய். சரிதானே?

புதிய முறையில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவாக உள்ள கழிவு) 75,000 போக 8,85,000. வரியும் செஸ்ஸும் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 40,040. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000தான். 80சி-யில் முழு 1,50,000-மும், 80டி-யில் மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000-மும், 80இஇபி-யில் உங்கள் 68,000-மும் கழித்தால் மிஞ்சுவது 6,67,000. அதற்கு வரி, செஸ்ஸுடன் 47,736. அதாவது கழிவு எல்லாம் கேட்ட பிறகும் 7,696 ரூபாய் *அதிகமாகக்* கட்டுவீர்கள். கார் வட்டி ஒன்றை மட்டும் நம்பிப் பழைய முறைக்குப் போவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. வேறு ஏதாவது கழிவு விட்டுப்போயிருக்கிறதா? வீட்டு வாடகைப்படி, வீட்டுக் கடன்?

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் – 13 ஜூலை, மதியம் 1.40

சம்பளம் நீங்கள் சொன்ன தொகையேதான். வீட்டுக் கடன் இருக்கிறது! நாங்கள் குடியிருக்கும் வீடுதான். அதன் வட்டி 1,04,000. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டு வட்டிக்குக் கழிவு இல்லை என்று சொல்லியிருந்ததால் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை, வரி ஆலோசகர் – 13 ஜூலை, மதியம் 2.05

அப்படியென்றால் கதையே மாறுகிறது. வருமானம் 5,63,000 ஆகக் குறைகிறது. வரி, செஸ்ஸுடன் 26,104. பிடித்திருப்பது 40,040. உங்களுக்கு 13,936 ரூபாய் திரும்ப வர வேண்டும். பழைய முறையிலேயே போங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும், மறந்தால் தாக்கல் செய்ததாகவே கொள்ளமாட்டார்கள்.

ஏற்காடு காப்பித்தூள் கடை – 13 ஜூலை, மாலை 6.20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன். கடைக்குச் சரக்கு எடுக்கவும், வாரம் இரண்டு முறை சேலம் இறங்கவும். சேலத்தில் ஒரு ஷோரூமில் 1,20,000 ரூபாய் வண்டிக்கு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். அதில் "சாலை வரி" என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. கடன் வாங்கினால் ஒன்றரை லட்சம் வரிக் கழிவு உண்டு என்றும் சொன்னார்கள். இந்த இழையைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. இறக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் சார்ஜ் ஏறும் என்கிறார்கள், அதுவாவது உண்மையா?

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கணக்கர் – 13 ஜூலை, இரவு 8.00

தம்பி, அந்த ஷோரூமில் சொன்ன இரண்டும் தவறு. இப்போது வாங்கும் கடனுக்கு 80இஇபி கிடையாது. சாலை வரியும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரி முழு விலக்கு. இதே விலையில் பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கினால் 12 சதவீதம், அதாவது 14,400 ரூபாய் கட்ட நேரும். பதிவுச் சான்றிதழ் கட்டணமும் 2021 ஆகஸ்ட் முதல் மின்வாகனங்களுக்கு இல்லை. சாலை வரித் தொகையை நீக்கிவிட்டுப் புதிய விலைப்பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியம் ஸ்கூட்டருக்கு உண்டு. இந்த நிதியாண்டில் பேட்டரிக் கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாட்-மணி அலகுக்கும் 2,500 ரூபாய், உச்சவரம்பு 5,000. சென்ற ஆண்டு இதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. விலையிலேயே குறைத்திருக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்போடு உங்கள் பெயரில் மின்-ரசீது உருவாகும், அதில் கையெழுத்துப் போடுவீர்கள். கார்களுக்கு இந்த மானியம் கிடையாது. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அது விலைக்குள்ளேயே அடக்கம்.

கடைக் கணக்கை ஆடிட்டர் வைத்து எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்று கேளுங்கள். தொழிலுக்குப் பயன்படும் மின்வாகனத்துக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். சாதாரண வண்டிக்கு 15 சதவீதம்தான். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டு அதில் பாதி. உத்தேச லாப முறையில் (விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் முறை) வரி கட்டுபவர் இதைத் தனியாகக் கேட்க முடியாது.

சார்ஜ் ஏறுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 80இஇபி பிரிவே மின்வாகனம் என்பதை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? முழுக்க மோட்டாரிலேயே ஓட வேண்டும், அந்த மோட்டாருக்கு வண்டியில் உள்ள பேட்டரியிலிருந்து மட்டுமே மின்சாரம் வர வேண்டும், பிரேக் பிடிக்கும்போது எழும் ஆற்றலை மின்சாரமாகத் திருப்பும் அமைப்பும் இருக்க வேண்டும். பெட்ரோலும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்களுக்கு அதனால்தான் அந்தக் கழிவு கிடைக்கவில்லை.

அஸ்தம்பட்டி விரிவுரையாளர் – 13 ஜூலை, இரவு 9.15

ஏற்காடு அண்ணா, நான் ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரும்போது எங்கள் காரில் சார்ஜ் உண்மையிலேயே கூடுகிறது, பிரேக்கும் அதிகம் சூடாவதில்லை. ஆனால் மேலே முழுவதுமாக சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் குறைந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் நாளில் முழு சார்ஜ் போடாதீர்கள்.

என் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டேன். திரும்பக் கிடைக்க வேண்டிய தொகை என்ற இடத்தில் 13,940 என்று காட்டுகிறது. ஓ.டி.பி. சரிபார்ப்பும் முடிந்தது. கல்லூரிக் கணக்குப் பிரிவில் இந்த ஆண்டுக்கும் பழைய முறையிலேயே வரி பிடிக்கச் சொல்லி நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை, வரி ஆலோசகர் – 13 ஜூலை, இரவு 9.50

வேண்டாம் மேடம், எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். (பத்து ரூபாயின் மடங்காக மாற்றுவதால்தான் 13,940 என்று வந்திருக்கிறது.) 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை. நிலைக்கழிவோடு சேர்த்தால் 12,75,000 ரூபாய்ச் சம்பளம் வரை. உங்கள் சம்பளத்துக்கு இந்த ஆண்டு வரி பூஜ்யம். பழைய முறையைக் கேட்டால்தான் வரி கட்ட நேரும்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கணக்கர் – 13 ஜூலை, இரவு 10.05

அவர் சொல்வதே சரி, அம்மா. 80இஇபி உங்களுக்குப் பயன்பட்டது இந்த ஒரு முறைதான். ஆனாலும் அனுமதிக் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கைப் பற்றித் துறையிலிருந்து கேள்வி வந்தால் அந்த மார்ச் 24-ஐக் காட்ட வேண்டியிருக்கும். வீட்டுப் பத்திர உறையிலேயே மறுபடியும் வைத்துவிடுங்கள்.