யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: ஏர் பில்டர் பாக்ஸ் கையால செய்ய என்ன அளவு வைக்கணும்?

சேலம்_டூஸ்ட்ரோக்:
ஒரிஜினல் பாக்ஸ் விரிசல் விட்டுடுச்சு. இப்போதைக்கு கார்ப் (கார்புரேட்டர்) வாயில நேரா கோன் பில்டர்தான். பாதி த்ராட்டில்ல வண்டி திணறுது, முழுசா திருகினா மூச்சு வாங்குது. 4 இன்ச் பிவிசி பைப்புல பாக்ஸ் செய்யலாம்னு இருக்கேன். கொள்ளளவு எவ்வளவு வேணும்? எந்த ஃபோம்? ஜெட் (கார்ப்ல பெட்ரோல் அளவா வர்ற துளை) மாத்தணுமா?

ரீட்வால்வு:
திணறலுக்குக் காரணம், கோன் பில்டருக்குப் பின்னாடி காற்று நிக்க இடமே இல்ல. சிங்கிள் சிலிண்டர் விட்டு விட்டு உறிஞ்சும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கொஞ்சம் பெட்ரோல் ஆவி திரும்பியும் வரும். பாக்ஸ் இருந்தா அந்த ஆவி அங்கேயே நின்னு அடுத்த உறிஞ்சல்ல உள்ள போகும். இல்லன்னா வெளிய போய் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) தாறுமாறாகும்.

கொள்ளளவு சிசியைப் போல 20 மடங்கு வைங்க. 98 சிசிக்கு 2 லிட்டர். இது ஃபோமைத் தாண்டின சுத்தமான பக்கத்துக்கான கணக்கு, மொத்தப் பெட்டிக்கு இல்ல.

4 இன்ச்னு விக்கிற 110 எம்எம் பைப்போட உள்விட்டம் ஏறக்குறைய 104 எம்எம். ஒரு செ.மீ. நீளத்துக்கு 85 சிசி கிடைக்கும். 28 செ.மீ. வெட்டினா 2380 சிசி. உள்ள ஃபோம் கூண்டு 385 சிசி பிடிச்சுக்கும், மீதி 2 லிட்டர். வெட்டுறதுக்கு முன்னாடி அட்டையை அதே அளவுக்கு உருட்டி ஃபிரேம்ல வச்சுப் பாருங்க. இடிச்சா ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகட்டுல 20 × 12 × 10 செ.மீ. பெட்டி அடிச்சுக்கலாம், கொள்ளளவு அதேதான் வரும்.

கூண்டு: துளை போட்ட அலுமினியத் தகடு, 7 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளம், ஒரு முனை மூடினது. திறந்த முனையைக் காற்று நுழையுற பின் மூடியோட சேருங்க. ஃபோம் கூண்டுக்கு உள்பக்கம் வரணும், காற்று உள்ளிருந்து வெளிய போகும். 7500 ஆர்பிஎம்-ல இந்த இன்ஜின் நொடிக்கு 12 லிட்டர் இழுக்கும். ஃபோம் பரப்பு 120 சதுர செ.மீ.க்குக் குறைஞ்சா அடைக்கும். காற்று நுழையுற குழாய் உள்விட்டம் 28 எம்எம் போதும், கார்ப் துளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு.

தகடுவேலை:
மேல சொன்ன கணக்கு சரி. வேலையில கோட்டை விடுற இடங்களைச் சொல்றேன்.

சோபா ஃபோம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி பட்டு நொறுங்கி, துகள் கார்புக்குள்ள போயிடும். பில்டருக்குன்னே விக்கிற திறந்த கண் ஃபோம் வாங்குங்க. அழுக்குப் பக்கம் 30 பிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை கண்), சுத்தமான பக்கம் 60 பிபிஐ, ரெண்டும் சேர்த்து 15 எம்எம். பில்டர் ஆயில் கிடைக்கலன்னா 90 கியர் ஆயில் விட்டு, முறுக்காம அழுத்திப் பிழிங்க. சொட்டக் கூடாது, கையில பிசுபிசுப்பு இருக்கணும்.

ஒட்டுறதுக்கு சிலிகான் வேண்டாம். பெட்ரோல்ல ஊதிப் பிரிஞ்சு, ஒரு துண்டு நேரா ரீட் வால்வுக்கு (இன்ஜினுக்குள்ள கலவையை விடுற மெல்லிய தகடு) போகும். எம்-சீல் (எபாக்சி பசை) போடுங்க. கார்ப் இணைப்புக்கு ரேடியேட்டர் ஹோஸ் வெட்டிப் போடுறாங்க, அதுவும் உப்பும். நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும். சுத்தமான பக்கத்துல பாப் ரிவெட் அடிச்சா அதோட வால் உள்ள விழ வாய்ப்பு இருக்கு. போல்ட் போட்டு நட்டை வெளிப்பக்கம் வைங்க.

பிவிசி 75 டிகிரி சுத்துல இளகிடும். சிலிண்டர் பக்கம் போகாம பார்த்துக்கோங்க. சந்தேகம்னா ஜிஐ தகடுதான் நிம்மதி.

சேலம்_டூஸ்ட்ரோக்:
நன்றி அண்ணே. காற்றுக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கணும்? லீக் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ரீட்வால்வு:
சீட்டுக்கு அடியில, பின்னாடி பார்த்து, லேசா கீழ சாஞ்சு. சக்கரம் வாரிவிடுற தண்ணி படாத உயரத்துல வைங்க. பெட்டியோட அடியில 4 எம்எம் துளை போட்டு, சின்ன ரப்பர் குழாய் மாட்டி முனையை மூடி வைங்க. மழைக்காலத்துல வாரம் ஒருமுறை திறந்து வடிங்க.

லீக்குக்கு: ராத்திரியில பெட்டிக்குள்ள டார்ச் போட்டுப் பாருங்க. வெளிச்சம் எங்க தெரியுதோ அங்க தூசி போகும். அப்புறம் கார்ப் வாயோட உள்விளிம்புல மெல்லிசா கிரீஸ் தடவி 200 கி.மீ. ஓட்டிட்டு, வெள்ளைத் துணியால துடைங்க. நறநறன்னு மண் வந்தா மறுபடி சீல் பண்ணணும். ஃபோம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஓரத்துல தலைமுடி அளவு சந்து இருந்தா பிஸ்டன் ரிங் தேயும்.

தகடுவேலை:
ஜெட் பத்திச் சொல்லாம விட்டுட்டோம். மாட்டினதும் ஒரு நம்பர் பெரிய மெயின் ஜெட்டோட ஆரம்பிங்க, படிப்படியா இறக்குங்க. டூ ஸ்ட்ரோக் லீன் ஆனா (பெட்ரோல் குறைஞ்சா) பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகும், அதாவது இறுகிப் பிடிச்சுக்கும். ரிச்சா (பெட்ரோல் கூடுதலா) இருந்தா புகையோட போகும்.

மூணாவது கியர்ல முழு த்ராட்டில்ல கொஞ்ச தூரம் போயி, கிளட்சைப் பிடிச்சு அங்கேயே இன்ஜினை அணைங்க. பிளக் ஆறினதும் கழட்டி பீங்கானோட அடிப்பாகத்தைப் பாருங்க. இளம் பழுப்பு சரி, வெள்ளை லீன், ஈரக் கருப்பு ரிச். இன்னொரு வழி: முழு த்ராட்டில்ல சோக்கை லேசா இழுத்தா வண்டி துடிப்பா போகுதா? அப்போ லீன், ஜெட்டை ஏத்துங்க. இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) போட்டா இன்னும் லீன் ஆகும், அது எரிய வேண்டிய காற்று-எரிபொருள் எடை விகிதம் 14.7-ல இருந்து சுமார் 13.5-க்கு இறங்குது. அந்த இடைவெளியையும் ஜெட்தான் ஈடு கட்டணும்.